அக்கறை செயலாகும் இடம்: தாம்பரத்து மாணவரும் காலநிலை மாற்றமும்



ஓர் ஆசிரியரின் நினைவைப் போற்றும் சொற்பொழிவு இது. மாணவரைப் பற்றி உண்மையாக யோசிப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்று நம்புகிறேன். ஆகவே ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். காலநிலை மாற்றம் பற்றிக் கல்லூரி மாணவர் ஒருவர் கொள்ளும் கருத்தை எவை உருவாக்குகின்றன? அந்தக் கருத்து எப்போது அவர் நடத்தைக்குள் இறங்குகிறது, எப்போது விடைத்தாளிலேயே தங்கிவிடுகிறது?

நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மாணவர்களிடம் அக்கறைக்குப் பஞ்சமில்லை. அவர்கள் கையில் நாம் கொடுக்கத் தவறியது பொறுப்பு. பெயர் சொல்லக்கூடிய ஓர் இடத்தின் மீது, நண்பர்களோடு சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் சுமக்கும் பொறுப்பைச் சொல்கிறேன். அது கிடைத்த இடங்களில் மாணவர்கள் பெரிய வேலைகளைச் செய்திருக்கிறார்கள். தென்சென்னையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

மறுப்பு நம் சிக்கல் இல்லை

யேல் பல்கலைக்கழகத்தின் காலநிலைத் தொடர்பாடல் ஆய்வுத் திட்டம் 2011-இல் இந்தியாவில் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. புவி வெப்பமாதல் பற்றிக் கேள்விப்பட்டதில்லை, அல்லது தெரியாது என்றவர்கள் 41 சதவீதம். 2022-இல் வெளியான கணிப்பிலும், கொஞ்சம்தான் தெரியும் அல்லது கேள்விப்பட்டதே இல்லை என்றவர்கள் 54 சதவீதம். ஆனால் புவி வெப்பமாதல் இன்னதென்று சுருக்கமாக விளக்கிவிட்டுக் கேட்டபோது, அது நடந்துகொண்டிருக்கிறது என்று 84 சதவீதம் பேர் சொன்னார்கள். கவலையாக இருக்கிறது என்றவர்கள் 81 சதவீதம்.

அமெரிக்காவின் நிலை வேறு. டான் கஹானும் சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே அறிவியல் அறிவு கூடக்கூடக் காலநிலை பற்றிய கருத்துப் பிளவும் கூடுகிறது என்று காட்டியது. தாம் சேர்ந்த அணியின் நிலைப்பாட்டைக் காப்பதற்கே படித்தவர் தம் படிப்பைப் பயன்படுத்துகிறார். நம் ஊரில் அந்தப் பிளவு இல்லை. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடும் வீட்டிலிருந்து வந்த மாணவரும் வெயில் கூடிவிட்டது, மழை முறை தவறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்வார். நம்பவைக்கும் வேலையில் நாம் வெகுநேரம் செலவிடத் தேவையில்லை.

தெளிவின்மை மட்டும் நிறையவே இருக்கிறது. நெகிழிப் பை, ஓசோன் படலத் தேய்வு, புவி வெப்பமாதல் மூன்றும் ஒரே பத்தியில் கலந்து வருவதை விடைத்தாள் திருத்துகிற எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஓசோனையும் வெப்பமாதலையும் மாணவர்கள் குழப்பிக்கொள்வது 1990-களிலிருந்தே பல நாட்டு ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இதைச் சிறிய பிழை என்று விட்டுவிட முடியாது. காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டவர் தீர்வையும் தவறான இடத்தில் தேடுவார். மஞ்சப்பை எடுத்துச் செல்வது நல்ல பழக்கம். அதனால் ஏரி காக்கப்படும், கால்வாய் அடைபடாது. ஆனால் அந்தப் பையோடு காலநிலைக் கடமை முடிந்தது என்று நினைக்கும் மாணவர், நிலக்கரியில் பிறக்கும் மின்சாரத்தையும், பெட்ரோலில் ஓடும் வண்டியையும், சிமென்டையும் எஃகையும் கணக்கில் கொள்ளாமலே பட்டம் வாங்கிப் போய்விடுகிறார்.

வெள்ளம் எதைக் கற்பித்தது?

அனுபவமே சிறந்த ஆசான் என்பார்கள். அப்படியானால் தாம்பரத்து மாணவர்களைவிட நன்றாகப் பாடம் படித்தவர்கள் இருக்க முடியாது. 2015 டிசம்பர் 1 காலை முதல் மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கத்தில் 47. அதற்கு முந்தைய நவம்பரிலேயே நுங்கம்பாக்கத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்து மண் ஊறிக் கிடந்தது. அடையாறு கரை கடந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்கள் மாடிகளில் ஒதுங்கினார்கள். அந்த நாட்களில் உணவுப் பொட்டலமும் படகும் மருந்துமாக அலைந்தவர்களில் கல்லூரி மாணவர்கள் எண்ணற்றோர்.

நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே நகரத்தின் நீர்த்தேக்கங்கள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஜூலை 12 அன்று ரயிலில் வந்து இறங்கியது. தண்ணீர் இல்லாததால் பழைய மகாபலிபுரம் சாலையின் சில மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையும் வேளச்சேரியும் பெரும்பாக்கமும் நாட்கணக்கில் நீரில் நின்றன.

இவ்வளவையும் கண்ட தலைமுறை ஏன் இன்னும் மாறவில்லை என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அனுபவம் தானாகப் பாடமாவதில்லை என்பதே என் பதில். எது எதனால் நடந்தது என்று பிரித்துப் பார்க்க யாராவது உடன் இருந்து சொல்லித்தர வேண்டும்.

2015 மழையையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பெருமழையில் புவி வெப்பமாதலின் பங்கு என்ன என்று ஒரு பன்னாட்டு அறிவியலாளர் குழு ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டது. தெளிவான பங்கை அவர்களால் காண முடியவில்லை. வெப்பமாதலின் விளைவைக் காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் ஈடுகட்டியிருக்கலாம் என்று கருதினார்கள். இதை மாணவரிடம் மறைக்கக் கூடாது. வெப்பமான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், அதனால் கனமழைக்கான வாய்ப்பு உலக அளவில் கூடுகிறது என்பது உறுதியான அறிவியல். ஒரு குறிப்பிட்ட நாளின் மழைக்கு அது எவ்வளவு காரணம் என்பது தனியாக ஆராய வேண்டிய கேள்வி. பெய்த மழை வீட்டுக்குள் எவ்வளவு ஆழம் நின்றது என்பது மூன்றாவது கேள்வி. அதற்கான விடை வரத்துக்கால்வாயிலும் கலங்கலிலும் மனைப் பிரிவு வரைபடத்திலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று சொல்லிவிட்டால், ஏரிக்குள் மனை போட்டவரும் அதற்கு அனுமதி கொடுத்தவரும் தப்பித்துக்கொள்வார்கள்.

பிரிட்டனில் அலெக்சா ஸ்பென்ஸ் குழுவினர் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். வெள்ளத்தைத் தாமே அனுபவித்தவர்களுக்குக் காலநிலை பற்றிய கவலை கூடியிருந்தது. அதோடு, தம் செயலால் பலன் உண்டு என்ற நம்பிக்கையும் கூடியிருந்தது. மின்சாரத்தைச் சேமிக்கும் விருப்பமும் கூடியிருந்தது. நம்மால் ஆவது உண்டு என்ற உணர்வைத்தான் இதில் முக்கியமாகக் கொள்கிறேன். அது இல்லாமல் வெள்ளம் மட்டும் மிஞ்சினால், கிடைப்பது அச்சமும் அடுத்த மழைக்கு முன் வண்டியை மேம்பாலத்தில் நிறுத்தும் பழக்கமும்தான்.

அச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியா உட்படப் பத்து நாடுகளில் 16 முதல் 25 வயது வரையான 10,000 பேரிடம் கரோலின் ஹிக்மன் குழுவினர் கேட்டு 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 59 சதவீதம் பேர் காலநிலை குறித்து மிகவும் அல்லது மிகமிகக் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். அந்த உணர்வு அன்றாட வாழ்க்கையையே பாதிக்கிறது என்றவர்கள் 45 சதவீதத்துக்கும் மேல். இந்தப் பிள்ளைகள் முன் நின்று உலகம் அழியப்போகிறது என்று மேலும் பயமுறுத்துவது ஆசிரியர் வேலை ஆகாது.

எட்டாவது அலகு

1991 நவம்பர் 22 அன்று, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப்படிப்புகளுக்கும் பொதுவான ஆறு மாதப் பாடத்திட்டத்தை வகுத்தது. வரலாறு படித்தாலும் வணிகவியல் படித்தாலும் இந்தத் தாளை எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தப் பாடத்திட்டத்தின் எட்டாவது அலகை மாணவர்கள் எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். அது முழுக்கக் களப்பணி. அருகிலுள்ள ஆறு, காடு, மலை, புல்வெளி ஒன்றுக்குச் சென்று அங்கிருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். மாசுபட்ட ஓர் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். சுற்றுவட்டாரச் செடிகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் அறிய வேண்டும். குளம் போன்ற எளிய சூழல் அமைப்பு ஒன்றை ஆராய வேண்டும். 100 மதிப்பெண்ணில் 25 இதற்கென்று ஒதுக்கப்பட்டது. 2023-இல் மானியக் குழு வெளியிட்ட புதிய வழிகாட்டு நெறிகளிலும் காலநிலை மாற்றம் தனி இடம் பெற்றது, களப்பணியும் தொடர்ந்தது.

பல கல்லூரிகளில் அந்தக் களப்பணி என்னவாக ஆனது என்பதை நாம் அறிவோம். அசைன்மென்ட் ஆனது. இணையத்தில் எடுத்த படமும் சீனியரின் ரெக்கார்டிலிருந்து எடுத்த பத்தியும் இன்டர்னல் மதிப்பெண்ணாக மாறின. மாணவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அறுபது பேர் கொண்ட வகுப்பை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்ல நேரமும் பேருந்தும் இல்லாத ஆசிரியரையும் குறை சொல்ல மாட்டேன். கதவு ஏற்கெனவே இருக்கிறது என்பதை நினைவூட்டவே இதைச் சொல்கிறேன். புதிய சட்டமோ புதிய தாளோ நமக்கு வேண்டியதில்லை.

வசதியும் வருமானமும்

பாடம் மட்டுமே நடத்தையை உருவாக்குவதில்லை. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. செங்கல்பட்டிலிருந்தும் கூடுவாஞ்சேரியிலிருந்தும் சீசன் டிக்கெட்டில் வந்து படிக்கும் மாணவி, காலநிலை பற்றி ஒரு வரிகூடப் படிக்காமலே, காரில் வந்து இறங்கும் மாணவரைவிடப் பல மடங்கு குறைவாகக் கார்பனை வெளியிடுகிறார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். இதைச் சுற்றுச்சூழல் திட்டம் என்று யாரும் அறிவிக்கவில்லை. ஆனாலும் பேருந்தைத் தேர்ந்தெடுப்பதை எளிதாக்கிய திட்டம் இது.

2003-இல் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதையும் நினைத்துப் பாருங்கள். மொட்டை மாடி நீர் மண்ணுக்குள் இறங்கியதற்கு எல்லோரும் சூழலியலாளர் ஆனது காரணமில்லை. சட்டமும், அதைக் கண்காணித்த நிர்வாகமும், வறட்சியின் நினைவும் சேர்ந்து அதைச் செய்தன.

நடத்தையைப் பற்றிப் பேசும்போது வர்க்கத்தை மறக்கக் கூடாது என்பதற்காகவே இவற்றைச் சொன்னேன். இந்தியரின் தனிநபர் கார்பன் உமிழ்வு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. அந்தப் பாதிக்குள்ளும் ஏற்றத்தாழ்வு மிகப் பெரிது. இரண்டு அறை வீட்டில், லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, ஒரே மின்விசிறியின் கீழே ஐந்து பேர் உறங்கும் குடும்பத்திலிருந்து வரும் பிள்ளையிடம் சிக்கனமாக இரு என்று உபதேசம் செய்வது அநீதி. அவர் வீட்டின் சிக்கனத்தைப் பாடமாக்கி மற்றவருக்குச் சொல்வதே முறை.

அதே பிள்ளை நாளை வேலைக்குப் போவார். முதல் சம்பளத்தில் வண்டி, பிறகு குளிர்சாதனப் பெட்டி, பிறகு வீடு. இந்த ஆசைகள் நியாயமானவை. அவற்றை எப்படி அடைவது என்ற பழக்கம் உருவாகும் வயது இதுதான். பிரிட்டனில் பாஸ் வெர்பிளாங்கனும் டெபோரா ராயும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வீடு மாறி மூன்று மாதங்களுக்குள் இருப்பவர்களே புதிய சூழல் பழக்கங்களை ஏற்பதில் முன்னே நின்றார்கள். வாழ்க்கை இடம் மாறும்போது பழைய பழக்கம் தளர்கிறது. கல்லூரியின் முதல் செமஸ்டர் அப்படிப்பட்ட காலம். விடுதிக்கு வந்தவருக்கும், முதன்முறையாக ரயில் ஏறியவருக்கும் எல்லாமே புதிது. சுற்றுச்சூழல் தாளைக் கடைசி ஆண்டில் வைத்து, அரியர் இல்லாமல் முடித்தால் போதும் என்ற மனநிலையில் எழுதவிடுவது நல்ல வாய்ப்பைக் கை நழுவவிடுவதாகும்.

நண்பர்கள் என்னும் பள்ளி

லூயிஸ் சாவ்லா என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் கென்டக்கியிலும் நார்வேயிலும் சூழலுக்காக உழைப்பவர்களின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு 1999-இல் எழுதினார். சிறுவயதில் அவர்களை உருவாக்கியவை குடும்பமும் இயற்கையான இடங்களும். கல்லூரி வயதில் படிப்போடு நண்பர்களின் பங்கும் பெரிதாக இருந்தது.

அதற்கு நம் கடற்கரையே சாட்சி. 1988-இல் சென்னை மாணவர்கள் சேர்ந்து கடலாமைப் பாதுகாப்புக்கென்று ஒரு மாணவர் வலையமைப்பைத் தொடங்கினார்கள். ஆண்டுதோறும் முட்டையிடும் பருவத்தில் இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடக்கிறார்கள். பங்குனி ஆமையின் தடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளை நாய்களும் மனிதர்களும் நெருங்காத பொரிப்பகத்துக்குக் கொண்டுவந்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். தொடங்கியவர்கள் இன்று நடுவயதைக் கடந்துவிட்டார்கள். நடை தொடர்கிறது. மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதால் நிற்கும் அமைப்பு அது. மணலின் வெப்பம் கூடினால் குஞ்சுகளில் பெண் ஆமைகள் மிகும் என்ற காலநிலை உண்மையை, முட்டையைக் கையில் ஏந்திய மாணவருக்குச் சொல்லிப் பாருங்கள். அவர் மறக்க மாட்டார்.

இரண்டாவது சாட்சி சிட்லபாக்கம். வறண்ட 2019-இல் அங்கே குடியிருப்போர் தாங்களே மண்வெட்டியோடு ஏரியில் இறங்கினார்கள். 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற அமைப்பாகத் திரண்டு மனுக்கொடுத்தார்கள். ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. குப்பை பொறுக்குவதில் தொடங்கி நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது வரை போனதுதான் அந்த முயற்சியின் சிறப்பு. மாணவர் நடத்தை என்றால் விளக்கை அணைப்பது, செடி நடுவது என்றே நாம் சுருக்கிவிடுகிறோம். வார்டு கூட்டத்தில் எழுந்து கேட்பதும், தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுவதும் சுற்றுச்சூழல் நடத்தைதான்.

மூன்றாவது சாட்சி இதே தாம்பரத்தில் இருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகரத்திலிருந்து சேலையூர்க் காட்டையொட்டிய 365 ஏக்கருக்கு இடம்பெயர்ந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்துப் பசுமையைப் பேணினார்கள். புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி அங்குள்ள செடிகளையும் பறவைகளையும் குறித்துவைத்தார். இவர்கள் யாரும் தாவரவியல் துறையினர் இல்லை. தம் பாடத்துக்கு வெளியே நின்று ஓர் இடத்தை நேசித்த ஆசிரியரைக் காணும் மாணவருக்கு, சூழல் என்பது யாரோ நிபுணரின் வேலை என்ற எண்ணம் போய்விடும்.

வீட்டுக்குத் திரும்பும் பாடம்

அமெரிக்காவின் வட கரோலினாவில் டேனியல் லாசன் என்ற பெண் ஆய்வாளரின் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வு, பள்ளியில் காலநிலை பற்றிப் படித்த பிள்ளைகள் தம் பெற்றோரின் அக்கறையையும் உயர்த்தினார்கள் என்று காட்டியது. மகள்கள் சொன்னது இன்னும் அதிகமாக எடுபட்டது. நம் வீடுகளில் இதன் பொருள் பெரிது. இங்கே அமர்ந்திருக்கும் பலர் உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வங்கிப் படிவம் முதல் மருத்துவமனைச் சீட்டு வரை அப்பா உங்களிடம்தான் காட்டுகிறார். மனை வாங்கும் முன், அது எந்த ஏரியின் நீர்ப்பிடிப்பில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு காப்பாற்றப்படும்.

என் வேண்டுகோள்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஏரிகள் சங்கிலித் தொடர். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று நிரம்பி, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணையைச் சேர்கிறது நீர். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி குப்பை மேடாகவும் கட்டடங்களாகவும் மாறிவிட்டது. எஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் 1,247 ஹெக்டேர் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ராம்சர் தலமாக, ஏற்கப்பட்டது. இந்த அறிவிப்புகளுக்குப் பின்னால், 'கேர் எர்த்' அமைப்பின் ஜெயஸ்ரீ வெங்கடேசன் போன்றவர்கள் பல்லாண்டுகள் பொறுமையாகச் சேர்த்த பதிவுகள் இருக்கின்றன. உள்ளூரில் எடுத்த கணக்கு நிலத்தைக் காக்கும்.

ஆகவே கேட்கிறேன். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் வட்டாரக் கல்லூரி ஒவ்வொன்றும் இந்தச் சங்கிலியில் ஓர் ஏரியை எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு ஒரு பதிவேடு திறக்கட்டும். முதல் செமஸ்டர் மாணவர்கள் அதை எழுதட்டும். களப்பணிக்கான மதிப்பெண் அதற்குரியது. மழைமானி வைத்து மழையை அளக்கலாம். கலங்கலில் நீர்மட்டம் எவ்வளவு, எந்த வரத்துக்கால்வாய் திறந்திருக்கிறது, எது அடைபட்டது என்று குறிக்கலாம். வேதியியல் மாணவர் நீரில் கரைந்த உயிர்வளியைச் சோதிக்கட்டும். வணிகவியல் மாணவர் தெருவில் லாரித் தண்ணீருக்கு ஆகும் செலவைக் கணக்கிடட்டும். வரலாற்று மாணவர் பழைய வருவாய்த்துறை வரைபடத்தைத் தேடட்டும். தமிழ் மாணவர் கரையில் வாழும் முதியவர்களின் சொற்களைப் பதிவு செய்யட்டும். ஆண்டு முடிவில் அந்தப் பதிவேட்டின் சுருக்கத்தைத் தாம்பரம் மாநகராட்சியிடமோ உரிய உள்ளாட்சி அமைப்பிடமோ நேரில் கொடுத்து, பதில் கேட்கட்டும். பிறகு அடுத்த ஆண்டு வருபவரிடம் ஒப்படைக்கட்டும்.

கல்லூரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. தம் வளாகத்தின் மாதாந்திர மின்கட்டணத்தையும் தண்ணீர்ச் செலவையும் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். தன் கணக்கைக் காட்டாத நிறுவனம் மாணவரின் கணக்கைக் கேட்க உரிமையற்றது.

பத்து ஆண்டுகள் இதைச் செய்தால், ஏரி ஒவ்வொன்றுக்கும் மாணவர் கையெழுத்தில் பத்து ஆண்டு மழையும் நீர்மட்டமும் இருக்கும். நீதிமன்றத்திலும் நகரமைப்பு அலுவலகத்திலும் எடுத்து வைக்கக்கூடிய ஆவணம் அது. அதை எழுதிய மாணவர்களிடம் காலநிலை மாற்றத்தை நம்புகிறாயா என்று யாரும் கேட்க வேண்டியிருக்காது. அடுத்து என்ன செய்யலாம் என்று அவர்களே நம்மிடம் கேட்பார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் உங்கள் ஏரியைத் தேர்ந்தெடுங்கள். முதல் அளவை எழுதி, தேதியிட்டு, கையெழுத்திடுங்கள். ஆசிரியர்களே, அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும்.